நளினி சாகாத தொடர்

காதில் மாட்டியிருக்கிறீர்களே, அது பாட்டா சார், பேச்சா? கேட்கக் கூடாதுதான். ஆனால் டயர் வெடித்த வண்டி இனி நகரப் போவதில்லை. ஸ்டெப்னியிலும் காற்றில்லையாம், கண்டக்டர் டிப்போவுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார். அடுத்த வண்டி வருகிற வரைக்கும் இந்த வேப்பமரத்து நிழல்தான் நமக்கு. சும்மா உட்கார எனக்கு வராது. அதனால்தான் கேட்டேன்.

கதையா? யாராவது ஆள் படிக்கிறதா, மிஷின் படிக்கிறதா? ஆளா. அது நல்லது. ஆள் படித்தால் செருமல் கேட்கும், தும்மல் கேட்கும். நான் படித்தால் எங்கள் தெருவில் கோலமாவு விற்கிறவன் குரலும் சேர்ந்து கேட்கும்.

ஆமாம் சார், நானும் படித்துக் கொடுத்தவன்தான். பார்வை போன ஒருத்தருக்கு. புத்தகம், வாரப் பத்திரிகை, எல்லாம். பல வருஷம் படித்தேன். இப்போது என் குரலே வேண்டாம் என்கிறார். நான் செய்த குற்றம் என்ன என்று கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். நீங்கள் வெளியூர், யார் பக்கமும் சாய மாட்டீர்கள்.

என் பெயர் குருவையா. ராஜபாளையத்தில் மில்லில் வேலை, வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். முன்பெல்லாம் ஷிப்ட் மாறி மாறி வரும். சம்சாரம் தவறியதிலிருந்து நைட் ஷிப்ட் மட்டும்தான், நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ராத்திரியில் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. மில்லுக்குள் மிஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. கையைக் காட்டுவோம், தலையை ஆட்டுவோம், அவ்வளவுதான். காலையில் வெளியே வந்தால் வாயில் பேச்சு அப்படியே தேங்கிக் கிடக்கும். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் டீக்கடையில் இறக்கி வைப்பார்கள். நான் நூலகத்துக்குப் போவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் சார் நான். பொட்டலம் கட்டின காகிதத்தில் ஆரம்பித்து, நானாகப் படித்துப் படித்துத்தான் பழகினேன்.

கோமதிநாயகம் அண்ணாச்சியை முதலில் பார்த்தது அந்த நூலகத்தில்தான். அவருடைய சம்சாரம் செல்லத்தாய் அக்கா முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். நேராக மேஜைக்குப் போய், "பேசுற புத்தகம் இருக்குதாமே சார், கேள்விப்பட்டேன்" என்றார் அண்ணாச்சி. நூலகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரும் கேட்காமல் பூட்டியே கிடந்த பீரோ அது. சாவியைத் தேடி எடுத்துத் திறந்தார். குறுந்தகடு குறுந்தகடாக அடுக்கியிருந்தது. பத்தாம் வகுப்பு அறிவியல், பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு, பிறகு பக்திப் பாட்டு.

"பரீட்சை எழுதுற வயசு தாண்டிருச்சே சார்" என்றார் அண்ணாச்சி. "சாமி கும்பிடுற வயசு இன்னும் வரல. நடுவுல ஏதாச்சும் இருக்கா?"

நடுவில் எதுவும் இல்லை. இருந்தாலும் போட்டுக் கேட்கிற மிஷின் ரிப்பேர்.

நான்தான் எழுந்து போய்ப் பேசினேன். அண்ணாச்சி சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டியவர். காலண்டர் அச்சடிக்கிற பிரஸ். முருகன் படத்தில் மயில் கழுத்துக்கு எவ்வளவு நீலம், எவ்வளவு பச்சை என்று மையைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தே சொல்கிறவராம். கண்ணுக்குள் அழுத்தம் வந்து ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து கடைசியில் ஊசித் துவாரம் அளவு மிச்சம் இருந்து, அதுவும் அடைத்துக்கொண்டது. அச்சு வேலைக்காரர் இல்லையா, ஓய்ந்த நேரமெல்லாம் எதையாவது படித்தே வளர்ந்தவர். அக்காவுக்கு எழுத்து தெரியாது. வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

அவருக்கு வேண்டியது வாரப் பத்திரிகை. "புத்தகத்தை எப்ப வேணா கேட்டுக்கலாம் தம்பி. இந்த வாரத்தை இந்த வாரமே கேக்கணும். தொடர்கதை ஓடுது, ஊரெல்லாம் படிச்சுட்டுப் பேசுது, எனக்கு மட்டும் ஒரு வருஷம் கழிச்சுக் கிடைச்சா அது ஊசிப்போன சாம்பார்ல்ல" என்றார்.

நாங்கள் தேடாத இடம் இல்லை சார். சென்னையில் ஒரு சங்கம் புத்தகங்களைப் பேசவைத்துத் தருகிறது என்றார்கள். அவருக்குக் கண் தெரியாது என்கிற சர்டிபிகேட்டை அனுப்பி உறுப்பினர் ஆனோம். இங்கிலீஷில் மலை மலையாக வைத்திருந்தார்கள். தமிழில் கையளவு. வாரப் பத்திரிகை கிடையவே கிடையாது. ஆளில்லை என்றார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சரி, போனே படித்துக் காட்டும் என்றார்கள். அண்ணாச்சியின் போனில் அந்தக் குரலைப் போட்டுப் பத்திரிகையின் ஆப்பை இறக்கினோம். பக்கத்தையெல்லாம் போட்டோவாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், எழுத்தாக வைக்கவில்லை. மிஷின் "படம்" என்று சொல்லும். அடுத்த பக்கம் திருப்பினால், "படம்". இன்னொரு பத்திரிகையில் அதுகூட இல்லை. எங்கே தொட்டாலும் "பொத்தான், பொத்தான், பொத்தான்."

"என்னப்பா, சட்டைக் கடைக்குள்ள கூட்டியாந்துட்ட" என்றார் அண்ணாச்சி. அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

அன்றைக்குத்தான் சொன்னேன், நான் படிக்கிறேன் அண்ணாச்சி என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குருவையா, இனிமே நீதான் என் கண்ணு" என்றார். அதே வார்த்தையில் சொன்னாரா என்றால், இல்லை. "உனக்குச் சிரமமில்லன்னா படி" என்றார். ஆனால் அர்த்தம் அதுதானே சார்.

வீட்டில் போனில் பதிவு பண்ணிப் படித்தால் எதிரொலிக்கும். ஒரே அறை, வெறும் சுவர். என் சம்சாரத்தின் பீரோ இருந்தது. அவள் சேலைகளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, அப்படியே தொங்குகின்றன. கதவைத் திறந்து அந்தச் சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு படித்தால் குரல் மெத்தென்று விழும். காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, பீரோவுக்குள் தலையைக் கொடுத்துப் படிப்பேன். வேர்த்து ஊற்றும். படித்ததை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுத்தான் படுப்பேன். சாயங்காலம் எழுந்து அண்ணாச்சி வீட்டுக்குப் போவேன். அதற்குள் அவரும் அக்காவும் கேட்டு முடித்திருப்பார்கள். அவர் கதையைப் பற்றிப் பேசுவார், அக்கா அதில் வருகிற பொம்பளைகளைப் பற்றிப் பேசுவார். காபி குடித்துவிட்டு மில்லுக்குக் கிளம்புவேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் பகலில் தூங்கி எழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்து வைத்தது அக்காதான் சார். நான் இல்லை. ஒரு நாள் வாசல் வரை வந்து, "தம்பி, நேத்து ஒரு கதை படிச்சீங்களே, அதைக் கேட்டுட்டு அவுக ராத்திரி சாப்பிடல. பாத்துப் படிங்க" என்றார். பாத்துப் படிங்க என்றால் என்ன அர்த்தம்? நான் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நிறத்தை விட்டேன். அண்ணாச்சி தொல்லை தாங்க முடியாது சார். அட்டைப் படத்தில் என்ன இருக்கிறது என்பார். ஒரு பொம்பளை என்பேன். என்ன சேலை? சிவப்பு. "எந்தச் சிவப்பு? குங்குமமா, செங்கலா, பழுத்த மிளகாயா? ஓரம் தெளிவா இருக்கா, இல்ல ரெண்டு கலர் ஒண்ணுமேல ஒண்ணு விலகி அடிச்சிருக்கானா?" எனக்கு எங்கே அதெல்லாம் தெரியும்? அப்படிக் கேட்டுவிட்டு அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் கதையில் நிறம் வந்தால் தாண்டிவிடுவேன். மஞ்சள் வெயில் வெறும் வெயிலாகிவிடும். நீலக் கடல் வெறும் கடல். கதை என்ன குறைந்தா போயிற்று?

ஒரு நாள் கேட்டார், "இப்பல்லாம் எழுதுறவங்க யாரும் நிறமே எழுதுறதில்லையா?"

"காலம் மாறிப்போச்சு அண்ணாச்சி" என்றேன்.

"அப்படித்தான் போல" என்றார்.

அப்புறம் யாராவது குருடன் என்று திட்டினால் அதை எடுத்துவிடுவேன். கண்ணைப் பற்றி ஏதாவது வந்தால் காதைப் பற்றி மாற்றிவிடுவேன். விபத்து, வியாதி, இழவு வீடு, இதெல்லாம் வந்தால் கொஞ்சம் சுருக்கிவிடுவேன். படிக்கிறவனுக்கு அந்த அளவுக்குக் கூட உரிமை இல்லையா? சமைக்கிறவர் கல்லைப் பொறுக்கிவிட்டுத்தானே அரிசி போடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தொடர் ஆரம்பித்தது. மதுரையில் இருக்கிற ஒரு அம்மா எழுதியது. சுந்தரேசன் என்று ஒரு வயலின்காரன். அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போகிறது. அவன் சம்சாரம் நளினி. முதல் வாரம் படித்தவுடனே அண்ணாச்சி சொன்னார், "இந்தம்மாவுக்கு யாரோ விவரமாச் சொல்லியிருக்காங்க. ஓரத்துலருந்துதான் போகும். கரெக்டா எழுதியிருக்கு." அன்றைக்கு அவர் முகம் மலர்ந்திருந்தது. இதை எதற்கு விடுவது என்று நானும் இந்தத் தொடரில் கண்ணைப் பற்றி வருவதையெல்லாம் அப்படியே படித்தேன். வியாழக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே போய் நின்று பத்திரிகை வாங்குவேன். அக்கா நளினி பைத்தியம் ஆகிவிட்டார். "நளினி என்ன செஞ்சா, நளினி என்ன சொன்னா?" வேறு பேச்சே கிடையாது.

அப்புறம் ஒரு வாரம் பிரித்துப் பார்க்கிறேன், நளினி செத்துப்போகிறாள்.

எப்படிச் சாகிறாள் என்பதெல்லாம் இப்போது எதற்கு. செத்துப்போகிறாள். அவ்வளவுதான். நான் பீரோவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். முதல் பத்தி படித்தேன், இரண்டாவது பத்தி படித்தேன். அதற்குமேல் போகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் என் வாயிலிருந்து வேறு வருகிறது சார். நளினிக்கு ஜுரம், சுந்தரேசன் தடவித் தடவிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறான், டாக்டர் வருகிறார், ஊசி போடுகிறார், விடியும்போது நளினி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கிறாள். தானாக வந்தது. அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் போனால் செல்லத்தாய் அக்கா கேசரி கிண்டி வைத்திருக்கிறார். நளினி பிழைத்ததற்கு. சொல்லுங்கள் சார், அந்தக் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டு நான் என்ன உண்மையைச் சொல்லியிருக்க முடியும்?

ஆனால் தொடர் நிற்கவில்லையே. அந்த அம்மா வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் நளினி இல்லை. நான் நளினியை உள்ளே கொண்டுவர வேண்டும். சுந்தரேசன் தனியாகச் சமைக்கப் பழகுவது வந்தால், நளினி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறாள் என்று படிப்பேன். அவன் தனியாகப் பஸ் ஏறினால், அவள் ஜன்னலிலிருந்து கை காட்டுவாள். போகப் போக எனக்குக் கஷ்டமே இல்லை. மில்லில் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே யோசிப்பேன், இந்த வாரம் நளினி என்ன சொல்லுவாள் என்று. கொஞ்சம் பொருமுவாள், கொஞ்சம் கேலி பண்ணுவாள், கோபம் வந்தால் தட்டை டங்கென்று வைப்பாள். அண்ணாச்சியே சொன்னார், "இப்பல்லாம் நளினி வர்ற இடம்தான்யா தொடர்லயே நல்லா இருக்கு. அந்தம்மாவுக்குத் திடீர்னு நம்ம ஊர்ப் பேச்சு எப்படி வந்துச்சு?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

ஒரு தடவை மட்டும் கொஞ்சம் இடறிவிட்டேன். நளினி சுந்தரேசனிடம், "ராத்திரி பூரா முழிச்சுட்டு வந்து வெறும் வயித்துல படுக்காதீங்க, குடல் வெந்துபோகும்" என்று சொல்கிறாள். அண்ணாச்சி கேட்டார், "வயலின்காரன் எதுக்குய்யா ராத்திரி பூரா முழிக்கான்?"

"கச்சேரி அண்ணாச்சி."

"விடிய விடியவா?"

"திருவிழாக் கச்சேரி."

அக்காதான், "அவ சொல்றது சரிதான, வெறும் வயித்துல படுக்கலாமா? நீங்களும் அப்படித்தான தம்பி படுக்கறீங்க" என்றார்.

தொடர் முடிந்தது. பத்திரிகையில் சுந்தரேசன் தனியாக மேடையேறி வாசிக்கிறான். நான் படித்ததில் நளினி முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறாள். அதோடு தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் சார் இது. எங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு வேறு வேலையில்லாமல், தொடர் எழுதின அந்த அம்மாவையே கூட்டிவந்து கூட்டம் போட்டுவிட்டார்கள்.

அண்ணாச்சி போயே தீருவேன் என்கிறார். மாடியில் நடக்கிறது, படி செங்குத்து என்றேன். "உன் தோளைப் பிடிச்சுட்டு ஏறுவேன்" என்றார். மழை வரும்போல இருக்கு என்றேன். "எனக்கு மூக்கு இருக்குப்பா, மழை இல்ல" என்றார். அக்கா வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை எடுத்துக் கொடுத்தார். கண் போனதற்கு அப்புறம் அவர் ஒரு கூட்டத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் என்ன செய்ய? கூட்டத்தில் யாராவது பேசுவார்கள், கேட்டுவிட்டு வந்துவிடலாம், இவர் எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

எழுந்துவிட்டார். வாசகர்கள் பேசலாம் என்று சொன்னதும் முதல் ஆளாக எழுந்துவிட்டார்.

நன்றாகத்தான் பேசினார் சார். அதைச் சொல்ல வேண்டும். பார்வை ஓரத்திலிருந்து போவதை எழுதியதற்கு நன்றி சொன்னார். அப்புறம் நளினிக்கு வந்தார். "அம்மா, நான் பயந்துட்டே இருந்தேன். கதைகள்ல எங்கள மாதிரி ஆளுகளுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களைக் கொன்னுருவாங்க. அப்பத்தான் அழுகை வரும்னு. நீங்க அந்தப் பொண்ணைக் காய்ச்சல்லருந்து எழுப்பி உக்கார வச்சீங்க. கடைசி வரைக்கும் அவன் பக்கத்துலயே இருக்க வச்சீங்க. என் வீட்டுக்காரி அன்னைக்குக் கேசரி கிண்டினா" என்றார்.

கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் திரும்பி அண்ணாச்சியின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த எழுத்தாளர் அம்மா எழுந்து மைக்கைப் பிடித்தார். "நீங்க சொன்னது ரொம்ப அழகா இருக்குங்கய்யா. நன்றி" என்று கும்பிட்டார். கை தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல் அந்த மாடியில் நான் கேட்டதில்லை.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகிவிட்டது. எழுதினவரே ஒத்துக்கொண்டார், அப்புறம் என்ன?

படி இறங்கும்போது ஒரு டீச்சரம்மா ஓடிவந்து அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனசுக்காரிதான், வேண்டுமென்று செய்யவில்லை. "ஐயா, நளினி செத்துப் பாதித் தொடர் ஓடிருச்சு. ஆனா உங்க மனசுல அவளை உயிரோட வச்சு நீங்க பேசுனதைக் கேட்டு அழுதுட்டேங்கய்யா" என்றார்.

அண்ணாச்சி, "அப்படிங்களா" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். என் தோளில் இருந்த கையை எடுத்துவிட்டார். மிச்சப் படியைக் கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவித் தானாகவே இறங்கினார். வண்டியிலும் என்னைப் பிடிக்கவில்லை, பின்னாலிருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்டார், "எந்த வாரம் செத்தா?"

சொன்னேன்.

"அன்னைக்குத்தான் ஜுரம்னு படிச்சியா?"

"ஆமா அண்ணாச்சி."

"கச்சேரிக்கு முழிச்சது?"

"அதுவும்தான்" என்றேன்.

"அந்த வரிகளெல்லாம் யாரு எழுதினது?"

"நான்தான் அண்ணாச்சி. உங்களுக்குக்கூடப் பிடிச்சிருந்ததே" என்றேன். அது உண்மைதானே. பிடித்திருந்தது என்று அவரே சொன்னதுதானே.

அதற்கு அவர், "நிறமும் நீதானா?" என்றார்.

அக்கா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவார் என்று. பாத்துப் படிங்க என்று சொன்னவர் அவர்தானே. அவர் சொன்னார், "நானும்தான கேட்டுட்டு இருந்தேன் தம்பி. எனக்கும்தான எழுத்து தெரியாது. எனக்கும் சேத்துல்ல நீங்க பொய் சொல்லியிருக்கீங்க."

அண்ணாச்சி கோபப்படவில்லை சார். கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். நிதானமாகக் கேட்டார், "வேற எதையெல்லாம் மாத்தின? இத்தனை வருஷத்துல படிச்சதுல எது இருக்கு, எது இல்ல? உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லு. நான் திருத்திக்கிறேன்."

நான் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு நினைவில் இல்லை. சத்தியமாக நினைவில் இல்லை. எத்தனை புத்தகம், எத்தனை வாரம். எதை நான் விட்டேன், எது அச்சில் இருந்தது, எது என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

"அப்போ நான் எதையுமே படிக்கல" என்றார்.

அப்படிச் சொல்லலாமா சார்? ராத்திரியெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, தூக்கத்தை விட்டு, பீரோவுக்குள் புழுங்கிக்கொண்டு படித்த மனுஷனிடம் சொல்கிற வார்த்தையா அது?

கொஞ்ச நாள் போகவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் ஒரு சாயங்காலம் போனேன். வாசலிலேயே குரல் கேட்டது. மிஷின் குரல். யாரோ பழைய நாவல்களை எழுத்தாகப் போட்டு வைத்திருக்கிற தளம் ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. நான் படித்துக் கொடுத்த நாவலையே முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நிறுத்தாமல் ஓடுகிறது. ஒரு கிழவி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அலறுகிறாள், மிஷின் அதைக் கரண்டு பில் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறது. வாசித்துவிட்டு "ஆச்சரியக்குறி" என்கிறது. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"இதை எப்படி அண்ணாச்சி கேக்கறீங்க?" என்றேன்.

"இதுக்கு என்னைப் பாத்தா பாவமா இருக்காது குருவையா. அதான் நிம்மதியாக் கேக்கறேன்" என்றார்.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். முன்பெல்லாம் கையில் கொடுப்பார்.

கிளம்பும்போது அண்ணாச்சிதான் பேச்செடுத்தார். அந்தத் தொடர் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லையாம். பத்திரிகையின் ஆப்பில் இன்னமும் பக்கமெல்லாம் படம்தான். சென்னைச் சங்கத்தில் கேட்டாராம், வரிசையில் போட்டிருக்கிறோம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்களாம். "அவ எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியணும். அவன் அதுக்கப்புறம் எப்படி இருந்தான்னு தெரியணும். அதுதான எனக்கு வேண்டியது" என்றார். அப்புறம், "உன்னைத் தவிர யார் படிச்சாலும் சரி" என்றார். இல்லை, அப்படிச் சொல்லவில்லை. "வேற யாராச்சும் இருந்தா சொல்லு" என்றார். இரண்டும் ஒன்றுதானே.

ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன் சார். மில்லில் கேட்டேன், சிரிக்கிறார்கள். நூலகரைக் கேட்டேன், பார்க்கலாம் என்றார். வாசகர் வட்டத்துக்காரர்கள் அன்றைக்கு அப்படிக் கை தட்டினவர்கள்தான், ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை.

தூசி தெரிகிறது பாருங்கள், அது நம் வண்டியாகத்தான் இருக்கும். கண்டக்டரும் எழுந்துவிட்டார்.

வந்ததிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பஸ்ஸுக்குள் ஒரு அம்மாவுக்கு டாக்டர் சீட்டைப் படித்துச் சொன்னீர்களே, கவனித்தேன். நிதானமாக, ஒரு சொல்லையும் முழுங்காமல் படித்தீர்கள். அந்தக் குரல் போதும். இந்தப் பையில் எல்லா வாரமும் இருக்கிறது, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டேதான் அலைகிறேன். நீங்கள் ஊருக்குக் கொண்டுபோய், வாரத்துக்கு ஒன்றாக உங்கள் போனிலேயே படித்து அனுப்பினால் போதும். அண்ணாச்சி நம்பரை எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளபடி படியுங்கள். நிறம் வந்தால் நிறத்தைப் படியுங்கள். நளினி சாகட்டும் சார், அவர் கேட்பது அதைத்தான். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரு நாள் அவரே என்னைக் கூப்பிடுவார். எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு இடம் மட்டும். நளினி சாகிற வாரத்துப் பத்திரிகையில் பக்கத்தை மடித்திருக்கிறேன், பேனாவால் கோடும் போட்டிருக்கிறேன். அவள் போய்விட்டது சுந்தரேசனுக்குத் தெரியாது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, எழுந்துவிடப் போகிறாளே என்று சத்தம் காட்டாமல் நடக்கிறான். காபி போட்டுத் தட்டால் மூடி வைக்கிறான். அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியும் போகிறான். அந்த நாலு வரி. எழுதின அந்த அம்மாவுக்கு விவரம் பத்தாது சார். எந்தப் புருஷனும் அப்படி இருக்க மாட்டான். கண் தெரியாவிட்டால் என்ன, பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கு மூச்சு இருக்கிறதா இல்லையா என்றுமா தெரியாது? நான் அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்தபோது, நல்லாக் கண் தெரிகிறவன், பட்டப் பகல், என் சம்சாரம் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் போட்டு, வெயில் சாய்கிற வரைக்கும்... அதை விடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏறுங்கள் சார், இடம் போய்விடும். பையைப் பிடியுங்கள். அந்த நாலு வரியை மட்டும் விட்டுவிட்டுப் படியுங்கள். கதைக்கு அது தேவையே இல்லை. அவருக்குத் தெரியவா போகிறது.